தத்துக் குழந்தைக்கு ஏஜென்சி விளம்பரம் பார்த்தீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தத்தெடுப்பது என்று முடிவு செய்த பிறகு எனக்கு யோசனை சொல்ல ஒருவரும் இல்லை. சொந்தக்காரர்களிடம் கேட்க முடியாது, வேலை செய்யும் இடத்தில் வாய் திறக்க முடியாது. கையில் இருந்த ஃபோன்தான் துணை. அந்த ஃபோனில் வந்த ஒரு விளம்பரத்தால் 2,20,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய இழப்பு, ஏறக்குறைய ஒரு வருடம் போனது. இந்த நாட்டில் குழந்தையையும் பெற்றோரையும் பொருத்திவைக்கும் வேலையைத் தனியார் யாரும் செய்யவே கூடாது என்ற ஒரே ஒரு விஷயத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் போதும், நான் அந்த மாடிப்படி ஏறியிருக்க மாட்டேன். இதே விளம்பரத்தை இன்றைக்கு ராத்திரி யாரோ ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பூர். ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வழக்கு பார்க்கிறேன். கணவருக்கு சூரத்தில் வேலை, மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். கல்யாணமாகிப் பல வருடங்கள் சிகிச்சையில் ஓடின. ஐவிஎஃப் வரைக்கும் போய், நகையெல்லாம் அடகுக்குப் போய், 2023 தொடக்கத்தில் அவரே சொன்னார், "போதும்மா, உன் உடம்பு கெட்டதுதான் மிச்சம். ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கலாம்" என்று. எனக்கு அன்று வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் மாமியாரிடம் சொல்லவில்லை. குழந்தை வீட்டுக்கு வரும் வரை இது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அவர் ஊரில் இல்லாததால் அலைச்சல் எல்லாம் என் தலையில்தான்.

ஃபோனில் தேடினேன். காரா என்று எல்லாரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தையும் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று படித்ததும் நெஞ்சு அடைத்தது. அப்போது எனக்கு 41, அவருக்கு 43. மறுநாளிலிருந்து ஃபேஸ்புக்கைத் திறந்தாலே ஒரு விளம்பரம்: "காராவில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்! சட்டப்படி தத்தெடுப்பு. ஆறு மாதத்தில் பிறந்த குழந்தை உங்கள் கையில். நூறு சதவீத உத்தரவாதம்." பக்கத்தில் சிங்க முத்திரை மாதிரி ஒரு சின்னம், அதற்குக் கீழே "அரசு பதிவு பெற்றது" என்று ஒரு நம்பர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் தம்பதிகளின் படங்கள்.

இன்று அந்த விளம்பரத்தைப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் பொய் என்று தெரிகிறது. "அரசு பதிவு பெற்றது" என்பது டிரஸ்ட் பதிவு நம்பர். டிரஸ்ட் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், அதற்கும் தத்துக் கொடுக்கும் அதிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வருமான வரிக்கான 12ஏ, 80ஜி சான்றிதழ்களும் அப்படித்தான். தத்துக் கொடுக்க வேண்டுமென்றால், குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தத்துக்குமான இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 65-ஆம் பிரிவின்படி சிறப்புத் தத்துவள மையமாக மாநில அரசின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அப்படி அங்கீகாரம் உள்ள மையங்களின் பட்டியல் காரா இணையதளத்தில் மாவட்டவாரியாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பட்டியலில் உள்ள மையமும் தானாக ஒரு குழந்தையை எடுத்து உங்களிடம் கொடுக்க முடியாது. வரிசைப்படி காராவின் கணினி காட்டும் பெற்றோருக்குத்தான் கொடுக்க முடியும்.

"பிறந்த குழந்தை" என்பதும் அப்படியே. பெற்ற தாய் வளர்க்க முடியாது என்று குழந்தையை ஒப்படைத்தால், குழந்தைகள் நலக் குழுவின் முன்புதான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு அவளுக்கு இரண்டு மாத அவகாசம் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும், அதற்கும் மாதங்கள் ஆகும். இதெல்லாம் முடிந்து, தத்துக்குத் தகுதியானது என்று குழு அறிவித்த பிறகுதான் குழந்தையின் பெயரே பட்டியலுக்கு வரும். ஆகவே பிறந்து மூன்றாம் நாள் குழந்தையை யாராவது தருகிறேன் என்றால், அந்தத் தாய்க்குச் சட்டம் கொடுத்த இரண்டு மாதத்தை அவளிடமிருந்து பறித்துவிட்டுத் தருகிறார்கள் என்று அர்த்தம். "உத்தரவாதம்" பற்றிச் சொல்லவே வேண்டாம். கொடுக்க அதிகாரமே இல்லாத ஒன்றுக்கு எப்படி உத்தரவாதம் கொடுப்பார்கள்?

சரி, கதைக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார், குரலில் அவ்வளவு கனிவு. "சிஸ்டர், நீங்க பட்ட கஷ்டம் போதும், இனிமே நாங்க பாத்துக்கிறோம்" என்றார். சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வியாபாரம் நடப்பதே அந்தக் கனிவில்தான். சட்டம் தெரியாதவர்கள் மட்டும் மாட்டுவதில்லை. ஆறுதல் கிடைக்காதவர்கள் மாட்டுகிறார்கள்.

பக்கத்து நகரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் அலுவலகம். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பெயர், வருமானம், ஜாதி எல்லாம் தாண்டி மூன்றாம் பக்கத்தில் "குழந்தையின் நிறம்: சிவப்பு / மாநிறம் / எதுவாயினும்" என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அங்கேயே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னமோ மாதிரி இருந்தது. காராவின் பதிவுப் படிவத்தில் ஆணா பெண்ணா, எந்த வயது, எந்த மாநிலம் என்றெல்லாம் விருப்பம் கேட்பார்கள், நிறம் கேட்க மாட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். நிறத்தைக் கேட்கும் இடத்தில் நிறத்துக்கு ஒரு விலையும் இருக்கும். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர் ஃபோனில் பேரம் பேசிய ஒலிப்பதிவு வெளியாகித் தமிழ்நாடே அதிர்ந்தது நினைவிருக்கும். அதிலும் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை, பிறப்புச் சான்றிதழுக்குத் தனி விலை. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

முதல் நாள் "ஆலோசனைக் கட்டணம்" 35,000 ரூபாய். அடுத்த மாதம் "ஃபைல் வேலைக்கு" 60,000. காராவில் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சிஸ்டர், ரெண்டு இடத்துல இருந்தா குழப்பம் வரும்" என்றார்கள். அவர்கள் செய்ததிலேயே பெரிய கொடுமை எதுவென்றால் இதுதான், பணத்தைக்கூட நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். காராவில் சீனியாரிட்டி என்பது நீங்கள் ஆவணங்களை ஏற்றிப் பதிவை முடிக்கும் நாளிலிருந்து ஓடும். பதிவு தள்ளிப்போக ஒவ்வொரு நாளும் வரிசையில் உங்களுக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள். 2024-25 நிதியாண்டில் நடந்த தத்தெடுப்புகள் 4,515. இதை வைத்து வரிசையின் நீளத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். யார் என்ன சொன்னாலும் முதலில் காராவில் பதிவை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் யோசனை கேளுங்கள். பதிவு செய்யாதே என்று சொல்பவர் உங்களுக்கு நல்லது நினைப்பவர் இல்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஃபோன்தான். "இந்த மாசம் ஒண்ணு வருது", "அந்தப் பொண்ணு வீட்ல மனசு மாறிட்டாங்க", "அடுத்தது கண்டிப்பா உங்களுக்குத்தான்". ஒவ்வொரு ஃபோனுக்கும் நான் தொட்டிலுக்கு இடம் பார்ப்பேன், அப்புறம் இரண்டு நாள் சாப்பிட முடியாது. கடைசியில், கல்யாணமாகாத ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு எட்டாம் மாதம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1,25,000 கட்டினால் குழந்தை நமக்கு என்றார்கள். தாயின் சம்மதம் எப்படி என்று கேட்டேன். அவர்களுடைய வக்கீல் பேசினார். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956 என்று ஒன்று இருக்கிறது, அதன்படி பெற்றவர்களே நேரடியாகத் தத்துக் கொடுக்கலாம், சார் பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்துவிடலாம், காரா எதற்கு என்றார்.

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி நடக்கும் தத்துக்கு இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தாது என்று அதன் 56-ஆம் பிரிவே சொல்கிறது. அண்ணன் குழந்தையை, தங்கை குழந்தையை இந்து குடும்பங்களில் அப்படித்தான் காலம் காலமாகத் தத்து எடுக்கிறார்கள். அவர் சொல்லாமல் விட்டது அந்த இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை. தத்துக்கு ஈடாக எந்தப் பணமோ சன்மானமோ யாரும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ஆஸ்பத்திரிச் செலவு என்று பெயர் வைத்தாலும் குழந்தைக்காகக் கைமாறும் பணம் குழந்தைக்காகக் கைமாறும் பணம்தான். பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால் தப்பு சரியாகிவிடாது. நடுவில் ஓர் ஆள் நின்று, முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவைத்துக் காசு வாங்குகிறார் என்றால், இந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னாலும் அது வியாபாரம்தான்.

1,25,000 அனுப்பினேன். சில வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ரோஸ் கலர் துண்டில் சுற்றிய பெண் குழந்தை, கண் மூடித் தூங்குகிறது. வலது கையில் ஆஸ்பத்திரி கட்டும் பட்டை, ஆனால் எழுத்து இருக்கும் பக்கம் தெரியாதபடி படத்தை வெட்டியிருந்தார்கள். நான் வேலையில் இருந்தேன், பில்லை மூடி வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன். பின்னாலேயே அடுத்த செய்தி: மீதி 4,00,000 ரொக்கமாக, மூன்று நாளுக்குள். பிறப்புச் சான்றிதழை நேரடியாக உங்கள் பெயரிலேயே வாங்கித் தருகிறோம், தத்து என்றே யாருக்கும் தெரியாது.

கணவருக்குக் கூப்பிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு அவருக்கும் குரல் கம்மிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, எங்கயாவது பொரட்டிக் கட்டிரலாம்" என்றார். நான் கேட்டேன், "ஏங்க, பிறப்பு சர்டிபிகேட்ல என் பேர் எப்படிங்க வரும்? நான் பெத்துக்கலையே." ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "நீ சொல்றதும் சரிதான், விசாரிச்சுக்கோ" என்றார்.

ராத்திரி அவர்கள் கொடுத்த ரசீதுகளை எடுத்து மேஜையில் வைத்தேன். ரசீதில் ஜிஎஸ்டி நம்பர் இருந்தது. என் வேலையே அதுதான், ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த நம்பர் வேறொரு ஊரில் ஆள் சப்ளை செய்யும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது, அதுவும் ரத்தாகிப் பல மாதம். இதை நீங்களும் செய்யலாம், காசு இல்லை, கணக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. பதினைந்து இலக்க நம்பரைத் தேடல் கட்டத்தில் போட்டால் யாருடைய பெயர், எந்த ஊர், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். அதோடு ரசீதில் "எதற்கான பணம்" என்ற வரியைப் பாருங்கள். என்னுடைய மூன்று ரசீதிலும் தத்து என்ற வார்த்தையே இல்லை. ஆலோசனை, ஃபைல் செலவு, இதர செலவு. விளம்பரத்தில் குழந்தை, ரசீதில் ஆலோசனை என்றால், நாளைக்கு நீங்கள் எதைக் காட்டி நியாயம் கேட்பீர்கள்?

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனேன். எல்லா மாவட்டத்திலும் இந்த அலகு இருக்கிறது, எனக்கு அதுவரை தெரியாது. அங்கே இருந்த அம்மா என் ஃபோனை வாங்கி எல்லாவற்றையும் படித்தார். கோபப்படவில்லை. "இங்க பாருங்கம்மா, நீங்க அந்தக் குழந்தையைக் கையில வாங்கியிருந்தா நாளைக்கு நீங்களும் குற்றவாளிதான்" என்றார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவைக் காட்டினார். குழந்தையை விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை போகும். முறைப்படி இல்லாமல் ஆதரவற்ற குழந்தையைத் தத்து எடுத்தாலோ கொடுத்தாலோ 80-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. எனக்குக் கை நடுங்கியது. சிறையை நினைத்து இல்லை. அந்தக் குழந்தை என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று. அப்படி நடக்காமல் இல்லை. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகத்தில், கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி விற்கப்பட்ட குழந்தையை வாங்கியவர்களிடமிருந்துதான் மீட்டார்கள்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரி விளம்பரம் போடுவதே சட்டத்துக்கு விரோதம். கொரோனா இரண்டாம் அலையில் "பெற்றோரை இழந்த குழந்தைகள், தத்தெடுக்க அழையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தபோது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமே தலையிட்டது. ஆதரவற்ற குழந்தைகளைத் தத்தெடுக்க வாருங்கள் என்று அழைப்பது சட்டத்துக்கு முரண், காரா இல்லாமல் அந்தத் தத்தெடுப்பு நடக்க முடியாது என்று சொல்லி, அப்படிச் செய்யும் அமைப்புகள் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இப்படிப்பட்ட குழந்தைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. உண்மையான தத்தெடுப்பில் குழந்தையின் படம் முதன்முதலாக உங்களுக்குத் தெரிவது காரா தளத்தில் உங்கள் லாகினுக்குள்தான். கூடவே குழந்தையைப் பற்றிய அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் இருக்கும், 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் குழந்தைப் படம் எதுவானாலும் அங்கேயே நிறுத்துங்கள். சேமித்து வையுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அதிகாரிகளிடம் மட்டும் காட்டுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்தக் கனிவான குரல் ஒரே நாளில் மாறியது. "கம்ப்ளெயின்ட் குடுத்தா நீங்களும் உள்ள போவீங்க மேடம்" என்றார். அன்றைக்கு நான் சிஸ்டர் இல்லை. இந்த மிரட்டலுக்குப் பயந்துதான் பலர் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் ஒரு வக்கீலிடம் கேட்டேன். குழந்தையை வாங்கவில்லை, நீங்களாகவே போய்த் தகவல் சொல்லியிருக்கிறீர்கள், தைரியமாகப் புகார் கொடுங்கள் என்றார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். அந்த ரசீதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். சைபர் மோசடிக்கான 1930-க்கும் சொன்னேன். பணம் அனுப்பிச் சில மணி நேரத்துக்குள் சொன்னால் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. என் விஷயத்தில் வாரக்கணக்கில் ஆகிவிட்டதால் கணக்கு காலி. தவறான விளம்பரத்துக்கு எதிராக நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பணம் திரும்ப வருமா என்றால், சட்டவிரோதமான காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டிப் பணத்தைக் கேட்பது கடினம் என்று வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

அப்புறம்தான் காராவில் பதிவு செய்ய உட்கார்ந்தேன், அங்கே அடுத்த அடி. 2022 செப்டம்பரில் வந்த தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கிலிருந்து எட்டுக்கு 100, அதற்கு மேல் 110. நாங்கள் முதன்முதலில் தேடியபோது எங்கள் கூட்டு வயது 84. நான் பதிவு செய்த அன்று 86. தம்பதிகளுக்கு ஒரு வருடம் தாமதமானால் கூட்டு வயதில் இரண்டு கூடும் என்பது யோசித்தால் சின்னக் கணக்குதான், ஆனால் எங்கள் வாழ்க்கையில் அது இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை என்ற கதவையே மூடிவிட்டது. தனியாகத் தத்தெடுப்பவர்களுக்கு இந்த வரம்பு 40, 45, 50, 55. உங்கள் வயதை இன்றே கூட்டிப் பாருங்கள். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல நாள் பார்க்காமல் பதிவு செய்யுங்கள்.

பதிவுக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. ஆதார், பான், வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று, குடும்பப் புகைப்படம் போன்றவைதான். தெரியாவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேயே உதவுவார்கள். எனக்கு உதவினார்கள், காசு வாங்கவில்லை. அடுத்தது ஹோம் ஸ்டடி. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவார், அதற்கான கட்டணம் 6,000 ரூபாய். கணவர் அதற்காக சூரத்திலிருந்து வந்திருந்தார். எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது விதிமுறைகளின் அட்டவணையிலேயே இருக்கிறது, எல்லாம் சேர்த்தாலும் ஒரு லட்சத்தைத் தொடாது, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. அதற்கு மேல் நன்கொடை என்று மையமே கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. கடைசியில் தத்து ஆணை வருவது மாவட்ட ஆட்சியரிடமிருந்து. 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம் கொடுத்தது, இப்போது ஆட்சியர். அந்த ஆணையை வைத்துத்தான் பெற்றோராக உங்கள் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியும். நோட்டரி முத்திரை, ஸ்டாம்ப் பேப்பர் எதுவும் அதற்கு ஈடாகாது. தொட்டில் குழந்தைத் திட்டத்திலிருந்து நேரடியாக வாங்கித் தருகிறேன் என்றும் சிலர் சொல்வார்களாம். 1992-இல் சேலத்தில் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் வரும் குழந்தைகளுக்கும் இதே காரா வழிதான்.

மாமியாரிடம் ஹோம் ஸ்டடிக்கு முதல் நாள் சொன்னோம். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல கண்ணு" என்றுதான் கேட்டார்கள். மறைத்து வைக்க வேண்டும் என்ற நம் பயத்தைத்தான் இந்த ஆட்கள் காசாக்குகிறார்கள். "தத்து என்றே தெரியாது" என்ற வாக்குறுதிக்கு விலை கிடைப்பதே அதனால்தான்.

தத்தெடுப்பு தொடர்பாக யாருமே காசு வாங்கி உதவக் கூடாதா என்று என்னிடம் கேட்கிறார்கள். உதவலாம். ஆவணம் சரிபார்க்கும் வக்கீல் இருக்கிறார், மனநல ஆலோசகர் இருக்கிறார், ஏற்கெனவே தத்தெடுத்த பெற்றோர் சேர்ந்து நடத்தும் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் வேலைக்குக் கூலி வாங்கலாம், குழந்தைக்கு வாங்க முடியாது. நேர்மையான ஆள் விளம்பரம் கொடுத்தால் அதில் என்ன இருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். எங்களால் குழந்தை வாங்கித் தர முடியாது, வரிசையில் உங்களை முன்னால் கொண்டுபோக முடியாது, இந்தப் பதிவை நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம், நாங்கள் செய்வது இன்ன வேலை, அதற்குக் கூலி இவ்வளவு. இந்த நான்கும் முதல் ஃபோனிலேயே அவர் வாயிலிருந்து வர வேண்டும். வரவில்லையென்றால் நீங்களே ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் பேசியவர்களிடம் இதை நான் கேட்டிருந்தால் ஒரு கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்திருக்காது.

இப்போது எங்கள் ஹோம் ஸ்டடி முடிந்து, இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிரிவில் காத்திருக்கிறோம். அந்தப் படத்தில் இருந்த குழந்தை யாருடையது, உண்மையிலேயே விற்கப் பார்த்தார்களா, எங்கிருந்தோ எடுத்த படமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தையும் அந்த நம்பர்களையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. போன மாதம் அதே வாசகம், அதே சிரிக்கும் தம்பதிகள், வேறு பெயரில் விளம்பரம் மறுபடியும் என் ஃபோனில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விளம்பரத்தின் லிங்க், தேதி, நம்பர் எல்லாம் சேர்த்து அலகுக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பிவிட்டு ஃபேஸ்புக்கிலும் புகார் கொடுத்தேன். உங்கள் கண்ணில் பட்டால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். குழந்தை ஒன்று உண்மையிலேயே கைமாறப் போகிறது என்று சந்தேகம் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள்.